கூட்டம் இருக்கும்போதே மூடப்படும் கடைகள்

(நமது அறக்கட்டளையின் 2025 நவம்பர் மாதக் கூட்டத்தில், மஹல்லாவின் உணவகக்காரர்களும் குடும்பத்தினரும் கலந்துகொண்ட அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மஃரிப் முடிந்ததும் கடையில் தோசைக்கல் சூடாகும் நேரம் இது. இந்த நேரத்தில் கல்லாவைப் பிள்ளைகளிடமும் தம்பிகளிடமும் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதன் அருமை எங்களுக்குத் தெரியும். இஷாவுக்குள் முடித்துவிடப் பார்க்கிறோம்.

சென்ற ரமலானில் ஜகாத் விண்ணப்பங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெயரில் எங்கள் கை நின்றுவிட்டது. பல ஆண்டுகள் நோன்புக் கஞ்சிக்கு அரிசி மூட்டை அனுப்பியவர் அவர். அவர் பெயர் கொடுப்பவர் பட்டியலில்தான் இருக்கும், கேட்பவர் பட்டியலில் இருந்ததில்லை. விண்ணப்பத்தைக் கொண்டு வந்து கொடுத்தது அவருடைய மனைவி. எந்த வகையில் கேட்கிறீர்கள் என்ற இடத்தில் 'கடனாளி' என்று எழுதியிருந்தது. ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர் என்பதை நாம் எல்லோரும் ஓதியிருக்கிறோம். ஆனால் இருபத்தாறு வருடம் பரோட்டாவும் பிரியாணியும் போட்டு, நான்கு பேருக்கு வேலை கொடுத்த ஒருவர் அந்த வகையில் வந்து நிற்பார் என்று நாங்கள் நினைத்ததில்லை.

அவர் அனுமதி தந்ததால்தான் இதைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். இங்கே பாதிப் பேருக்கு யாரென்று தெரியும், அது வேறு.

அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். வியாபாரம் குறைந்துவிட்டதா என்று கேட்டோம். "வியாபாரம் குறைஞ்சு மூடல பாய். ஞாயித்துக்கிழமை உட்கார இடம் இருக்காது. அப்பவே மூடினேன். ஒவ்வொரு நாள் திறக்கும்போதும் கடன்தான் கூடிச்சு" என்றார். பிறகு ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து வைத்தார். இன்றைய பேச்சே அந்த நோட்டுதான்.

முதல் பக்கத்தில் கேஸ். கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் விலை மாதம் பிறந்தால் மாறும். 2022 மே மாதத்தில் சென்னையில் அது 2,500 ரூபாயைத் தாண்டியது. 2025 நவம்பரில் இறங்கி 1,750 ரூபாய் அளவில் நின்றது. இறங்கியது நல்லதுதான், ஆனால் கடைக்காரருக்கு இந்த மாத விலைதான் தெரியும், அடுத்த மாத விலை தெரியாது. கல்யாண ஆர்டருக்கு மூன்று மாதம் முன்பே விலை பேசி முன்பணம் வாங்கியவர் என்ன செய்வார்? வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், கடை சிலிண்டருக்கு 18 சதவீதம். 1,750 ரூபாயில் ஏறத்தாழ 267 ரூபாய் வரி மட்டும். தினம் ஒரு சிலிண்டர் எரிகிற கடைக்கு அந்த விலையில் மாதம் 8,000 ரூபாய் அடுப்புக்கான வரியாகவே போனது.

இங்கே சிலர் கேட்பீர்கள்: கட்டிய வரியைத்தான் கழித்துக்கொள்ளலாமே? மளிகைக் கடைக்காரர் கழித்துக்கொள்ளலாம். இரும்புக் கடைக்காரர் கழித்துக்கொள்ளலாம். உணவகக்காரருக்கு அது கிடையாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி இல்லாத உணவகத்துக்கு 12, ஏசி உணவகத்துக்கு 18 என்று இருந்தது. சாப்பிடுகிறவர்கள் முகம் சுளித்தார்கள். உணவகங்கள் தாங்கள் பெறும் வரிக் கழிவின் பலனை வாடிக்கையாளருக்குத் தருவதில்லை என்று காரணம் சொல்லி, அதே ஆண்டு நவம்பர் 15 முதல் 5 சதவீதமாகக் குறைத்து, கழிவையும் எடுத்துவிட்டார்கள். பில்லில் 5 என்று பார்க்கும்போது நமக்குக் குறைவாகத் தெரிகிறது. அந்த 5 நம் கண்ணுக்குத் தெரியும் வரி. சிலிண்டரில் 18, கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் வாங்கினால் 18, பதிவு பெற்ற கட்டட உரிமையாளர் என்றால் வாடகையில் 18. இவை சமையலறைக்குள்ளேயே தங்கிவிடும் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்களை மாற்றி அமைத்தார்களே, அதில் நெய்க்கும் அட்டைப் பெட்டிக்கும் குறைந்தது, ஏசிக்குக் குறைந்தது. கடை சிலிண்டர் 18-லேயே இருக்கிறது.

ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்கு உட்பட்ட கடைகள் இணக்கமுறைத் திட்டத்தில் சேரலாம். விற்பனையில் 5 சதவீதம் கட்டினால் போதும், கணக்கு வழக்கு எளிது. ஆனால் அந்த 5-ஐ வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது, சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும். இந்தத் திட்டத்தில் இருந்துகொண்டே பில்லில் ஜிஎஸ்டி போட்டு வாங்கும் கடை நம் மஹல்லாவிலும் இருக்கிறது. தெரியாமல் செய்கிறார்கள் என்றுதான் நினைக்கிறோம். இன்று தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்து வாடகை. இதைக் கடைசியில் பேசுவோம், காரணம் இருக்கிறது.

அதற்கடுத்த பக்கம் டெலிவரி ஆப். மகன் சொல்லிச் சேர்ந்திருக்கிறார். முதல் மூன்று மாதம் ஆர்டர் வந்து குவிந்ததாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 200 ரூபாய் பிரியாணி. கமிஷன் 25 சதவீதம் என்று வையுங்கள், 50 ரூபாய். அந்த 50-க்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 9 ரூபாய். கைக்கு வருவது 141. தள்ளுபடி விளம்பரத்தில் கடையின் பங்கு என்று பிடித்தால் அதற்கும் கீழே. ஆட்டுக்கறி கிலோ 800-க்குக் குறையாமல் விற்கும்போது 141 ரூபாயில் அரிசி, கறி, நெய், அடுப்பு, ஆள், டப்பா எல்லாம் அடங்க வேண்டும். ஆப்பில் விலையை ஏற்றி வைக்கலாமே என்றால், அவர் ஏற்றிப் பார்த்திருக்கிறார். பக்கத்துச் சாலையில் பெரிய முதலீட்டோடு வந்த மந்திக் கடை நஷ்டத்துக்கும் விற்கத் தயாராக இருந்தது. ஆர்டர் அங்கே போய்விட்டது.

இது ஒருவருடைய புலம்பல் மட்டுமல்ல. 2025 ஜூலை 1 முதல் நாமக்கல்லில் உணவக உரிமையாளர்கள் ஒன்றுகூடி ஸ்விகி, ஜொமாட்டோ ஆர்டர்களை நிறுத்தினார்கள். கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்பதுதான் காரணம். உணவகங்களின் தேசியச் சங்கம் 2021-ல் இந்திய போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்து, 2022 ஏப்ரலில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. நியூயார்க் நகரம் 2021-லேயே டெலிவரிக் கமிஷனுக்கு 15 சதவீதம் என்று சட்டத்தால் வரம்பு கட்டியது. அந்த ஊரில் செய்ய முடிந்ததை இங்கே சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ கேட்கக்கூட ஆள் இல்லாமல் இருப்பது நமக்குப் புரியவில்லை. வரம்பு போட்டால் ஆப்காரர்கள் வேறு பெயரில் வசூலிப்பார்கள் என்ற வாதமும் சரிதான். அதனால் கமிஷன், விளம்பரம், தள்ளுபடிப் பங்கு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஆர்டரில் மொத்தம் எவ்வளவு பிடித்தார்கள் என்று கடைக்காரருக்கும் சாப்பிடுபவருக்கும் ஒரே ரசீதில் காட்ட வேண்டும் என்ற விதியாவது வேண்டும்.

நோட்டின் நடுப்பக்கங்களைத்தான் எங்களால் சரியாகப் படிக்க முடியவில்லை. தினமும் ஒரு நூறு, ஒரு நூறு என்று நூறு கட்டங்கள். தண்டல். கையில் 8,500 கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாளில் பத்தாயிரமாக வாங்குவது. 1,500-தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கும் மேல் வட்டி. அவர் ஒரே சமயத்தில் நான்கு பேரிடம் வாங்கியிருந்தார். வட்டியின் பக்கமே போகாமல் வாழ்ந்த மனிதர். "வங்கியில வட்டிக்கு வாங்கக் கூடாதுன்னு இருந்தேன் பாய், தெருவுல வட்டிக்கு வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்தார். அதற்கு மேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

கந்து வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போகலாம், எங்களிடம் சொன்னால் கூட வருகிறோம். ஆனால் சட்டம் மிரட்டுபவரைத்தான் தடுக்கும். நாளைக் காலை கறிக்காரருக்குக் கொடுக்க ஐயாயிரம் வேண்டும் என்பவருக்கு அது பணம் தராது. சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் (டாம்கோ) தொழில் கடன் தருகிறது, குறைந்த வட்டிதான், ஆனாலும் வட்டி. அதனால் நம்மில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. அந்த உதவி நமக்காக ஒதுக்கப்பட்டும் நம் வாசலில் நின்றுவிடுகிறது. பொருளை வாங்கி லாபம் வைத்து விற்கும் முறையிலோ, சேவைக் கட்டணம் மட்டும் வாங்கும் முறையிலோ ஒரு பிரிவைத் திறக்கும்படி கழகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். அந்த மனு வெளியே மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

இரவு நேரம் பற்றி ஒரு வார்த்தை. ரமலானுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் வருடம் முழுக்க இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் ஆணை போட்டது. 2022-லும் 2025-லும் அதை நீட்டித்திருக்கிறார்கள். நல்ல ஆணை. ஆனால் நம் கடைகளில் நாலு பேர், ஆறு பேர். இரவு பதினொன்றுக்கு ரோந்து வண்டி வந்து விளக்கை அணைக்கச் சொன்னால் காட்டுவதற்கு நம்மிடம் தாள் இல்லை. பெரிய கடை சஹர் வரை விற்கலாம், சின்னக் கடை பூட்ட வேண்டும். தூக்கம் கெட்டு உழைக்கத் தயாராக இருப்பவருக்கு, ஆள் குறைவு என்ற ஒரே காரணத்தால் அனுமதி இல்லை என்பது எந்த நியாயம்? உணவகங்களுக்கு மட்டுமாவது இந்தப் பத்துப் பேர் நிபந்தனையை எடுக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினரை நேரில் பார்த்து இதைக் கேட்க இருக்கிறோம். உணவகக்காரர்கள் மூன்று பேராவது உடன் வர வேண்டும். நாங்கள் மட்டும் போனால் 'பள்ளிவாசல்காரர்கள் வந்தார்கள்' என்று ஆகிவிடும், தொழில் பிரச்சினை பின்னால் போய்விடும்.

ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டியது, கடை சிலிண்டரின் வரியை வீட்டு சிலிண்டர் அளவுக்கு, அதாவது 5-க்குக் கொண்டு வருவது. முடியாதென்றால், விரும்பும் உணவகம் சற்றுக் கூடுதல் விகிதம் கட்டிக் கழிவு பெறும் வாய்ப்பையாவது திறந்துவிட வேண்டும். உணவகச் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்பதுதான் இது. நாம் கூட்டுக் குரல் கொடுக்கிறோம்.

சரி, அரசு செய்யும்போது செய்யட்டும். எங்களை உறுத்துவது வேறு.

அவருடைய கடை எங்கே இருந்தது? பள்ளிவாசல் சாலையில், நம் அறக்கட்டளையின் சொந்தக் கட்டடத்தில், ஏழாம் எண் கடை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒப்பந்தம் முடிந்தபோது வாடகையை 18,000-லிருந்து 30,000 ஆக்கியது யார்? இந்த மேடையில் உட்கார்ந்திருக்கும் நாங்கள்தான். அந்தச் சாலையின் மதிப்பு ஏறிவிட்டது, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குத்தானே போகிறது என்று தீர்மானம் எழுதினோம். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கூடுதல் முன்பணத்துக்கு எங்கே போனார் என்று நோட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. முதல் தண்டல் அந்த மாதம்தான் தொடங்குகிறது. அவரிடம் கூட்டி வாங்கிய வாடகை மாதம் 12,000. இன்று ஜகாத் நிதியிலிருந்து அவர் கடனுக்குக் கொடுப்பது அதைவிட அதிகம். இதைப் பொருளாளர் எழுதிக் காட்டியபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

வக்ஃப் சொத்தாக இருந்தால் குத்தகைக்குச் சட்டமும் விதிகளும் இருக்கின்றன, முத்தவல்லி நினைத்தபடி வாடகையைக் குறைத்துவிட முடியாது. ஆனால் இந்தப் பதினோரு கடைகளும் அறக்கட்டளை விலைக்கு வாங்கிய இடம். நம் கையில் இருக்கிறது. ஆகவே சென்ற வாரம் எடுத்த முடிவைச் சொல்கிறோம். இனி எழுத்து ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு, வாடகை அதிகார அமைப்பில் பதிவோடு. ஆண்டு உயர்வு எவ்வளவு என்பது முதல் நாளே எழுதப்படும், நடுவில் மாறாது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் இல்லை. இதனால் கல்வி உதவிக்குப் போகும் தொகை குறையும். அதை மறைக்க விரும்பவில்லை. குறைவதை எங்கிருந்து ஈடு செய்வது என்று உங்களிடம்தான் கேட்போம்.

இந்த மஹல்லாவில் கடை வைத்து வாடகைக்கு விட்டிருக்கும் தனிப்பட்டவர்கள் இருபது பேராவது இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு நாங்கள் உத்தரவு போட முடியாது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 அக்டோபர் முதல், நீங்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாத உரிமையாளராக இருந்து, வாடகைக்கு இருப்பவர் பதிவு பெற்றவராக இருந்தால், வாடகைக்கான 18 சதவீத வரியை அவரே கட்ட வேண்டும். இணக்கமுறையில் இருப்பவர்களுக்குப் பிறகு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் 30,000 வாடகைக்கு 5,400 அரசுக்குக் கட்டுகிறார்கள், உணவகக்காரருக்கு அதில் ஒரு ரூபாய் கழிவு இல்லை. நீங்கள் இரண்டாயிரம் கூட்டும்போது அவர் தலையில் 2,360 ஏறுகிறது.

இன்னொரு பாக்கியும் நோட்டில் இருந்தது. கடைசிப் பக்கங்களில் வலீமா ஆர்டர், கத்னா விருந்து, அலுவலக இஃப்தார் என்று பெயர்கள். எதிரே தொகை. சில தொகைகளுக்குப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வர வேண்டியிருந்தது. எல்லாம் நம் குடும்பங்கள். மண்டபத்துக்கு முன்கூட்டியே முழுப் பணம் கட்டுகிறோம், வீடியோக்காரருக்கு மறுநாளே கொடுக்கிறோம். தேக்சா கழுவி எடுத்துக்கொண்டு போன பண்டாரியிடம் மட்டும் "நம்ம ஆளுதானே, பார்த்துக்கலாம்" என்கிறோம். பெயர்களை நாங்கள் படிக்கப் போவதில்லை. அவர் கணக்கு முடிவதற்குள், ரஜப் மாதத்துக்குள், அவரவர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் சாப்பாடு அனுப்பும் கடைக்காரர்கள் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். இணையத்தில் இலவசம். சிறு, குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். பில்லில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டாலே சிலர் சீக்கிரம் கொடுத்துவிடுகிறார்கள் என்று நம்மவர் ஒருவர் சொன்னார். தமிழ்நாடு வணிகர் நல வாரியம் 1989 முதல் இருக்கிறது, உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. சமையல் வேலை செய்வோருக்கு என்று தனி நல வாரியமும் இருக்கிறது. மாஸ்டர்களையும் சப்ளையர்களையும் அதில் பதிந்துவிடுவது முதலாளியின் வேலை என்று எண்ணிக்கொள்ளுங்கள். படிவம் நிரப்ப நம் இளைஞர் அணியினர் ஞாயிறு காலை பத்து மணி முதல் அலுவலகத்தில் இருப்பார்கள். ஆதார், வங்கிப் புத்தகம், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் கொண்டு வாருங்கள்.

அழகிய கடன் நிதி பற்றியும் சொல்லிவிடுகிறோம். பைத்துல்மாலிலிருந்து மூன்று லட்சம் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். இது ஜகாத் பணம் அல்ல, சதகாவும் நன்கொடையும். ஒருவருக்கு அதிகபட்சம் 25,000, பத்து மாதத்தில் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டி இல்லை, கட்டணமும் இல்லை. ஜாமீனுக்கு நகை கேட்க மாட்டோம். இன்னொரு கடைக்காரர் கையெழுத்துப் போட்டால் போதும். பன்னிரண்டு பேருக்குத்தான் வரும், எல்லோருக்கும் போதாது. ஒருவர் ஒழுங்காகத் திருப்பினால்தான் பதின்மூன்றாவது ஆளுக்குக் கொடுக்க முடியும். முதல் முன்னுரிமை இப்போது தண்டல் கட்டிக்கொண்டிருப்பவருக்கு. அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். சகோதரிகளே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு நோட்டு இருந்தால், அவர் வராவிட்டாலும் நீங்கள் வாருங்கள். மகளிர் பிரிவில் இருவர் மட்டுமே பார்ப்பார்கள்.

ஏழாம் எண் கடை இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. ஒரு செல்போன் கடைக்காரர் 35,000 தருவதாகக் கேட்டிருக்கிறார். கடையை நடத்திய அந்த மனிதருடைய மகன் சென்ற வெள்ளி ஜுமுஆவுக்குப் பிறகு வந்து, காலையில் இட்லி, ஆப்பமும் மாலையில் பரோட்டாவும் மட்டும் போட்டு, ஆப் இல்லாமல், 20,000 வாடகையில் நடத்திப் பார்க்கிறேன் என்றார். அத்தா கல்லாவில் உட்கார மாட்டாராம், ஆனால் சால்னா அவர்தான் வைப்பாராம். வரும் புதன்கிழமை நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கிறது. கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் அதற்குள் எழுதிக் கொடுங்கள்.

பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது.